இனி வண்டி நிக்காது

"இதைப் பட்டறைன்னு சொல்லிக்கவே ஒரு தைரியம் வேணும்" என்றபடி பெரியவர் ஸ்டூலைக் கைக்குட்டையால் தட்டினார். தட்டியும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கௌரவத்தில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

வாசலில் அவருடைய பழைய கார் மூச்சடங்கி நின்றது. தெருமுனை வரை ஒழுங்காக வந்துவிட்டு அங்கே இருமி நின்றுவிட்டதாம். டீக்கடையில் இருந்தவர்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள்.

மெக்கானிக் வாயைத் திறக்காமல் பானட்டைத் திறந்தான். பெற்ற அப்பாவிடம் பேச அவனுக்கு ஒன்றும் இல்லை. நாற்காலி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஸ்பானரைப் பிடித்த அன்றே, "இனி என் மூஞ்சியில முழிக்காதே" என்று வீட்டைவிட்டுத் துரத்தியவர் அவர். இப்போது வாரம் தவறாமல் அவரே வந்து முழிக்கிறார். எல்லாம் இந்தக் காரின் புண்ணியம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்ட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ மறுபடியும் லூஸ். இடைவெளி மூடிப்போய், ஸ்பார்க் வராமல் இன்ஜின் அணைந்திருந்தது. போன வாரம் அதைப் பல்லைக் கடித்து முறுக்கியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

"என்ன, போன தடவை பண்ணின அதே வேலைதானா?" பெரியவர் மகனிடம் கேட்கவில்லை. காத்திருந்த வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி ஊருக்கே கேட்டார். "ஒரு ஸ்க்ரூவை முறுக்கத் தெரியல. இவனை நம்பி நீங்களும் வண்டியை விட்டிருக்கீங்க. பாவம்."

அவர்களில் ஒருவர் தன் ஸ்கூட்டரைக் கவலையோடு பார்த்தார். போன வாரம் இந்தப் பேச்சைக் கேட்ட ஒரு ஆள் வண்டியை விடாமலே கிளம்பிப் போயிருந்தார். இப்படியே போனால் பட்டறைக்குப் பூட்டுத்தான். அவனுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் கொடுமை.

உள்ளேயிருந்து மருமகள் வந்து புருஷனை ஓரமாக இழுத்தாள். "இந்தப் பாயிண்ட் இருக்கற வரைக்கும் அவர் வந்துட்டேதான் இருப்பார். தூக்கிப் போட்டுட்டு எலக்ட்ரானிக் பெட்டி மாட்டிடுங்க. அப்புறம் எந்தச் சாக்கை வெச்சு நம்மளை அசிங்கப்படுத்தறார்னு பாக்கலாம்."

அவன் தலையாட்டினான். பாயிண்ட்டையும் கண்டன்சரையும் கழற்ற ஆரம்பித்தான்.

"யாரைக் கேட்டுக் கை வைக்கறே?" என்று பெரியவர் பாய்ந்தார். "கண்ணுக்குத் தெரியற பாயிண்ட்டையே ஒழுங்கா வைக்கத் துப்பில்ல. தொரை எலக்ட்ரானிக் மாட்டப் போறாராம்."

அந்தத் துரையும் மாட்டினான். பாயிண்ட் இருந்த இடத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்தது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் ஸ்பார்க் கொடுக்கும் காயிலுக்குப் போயின. சாவியைத் திருப்பியதும் கார் சமர்த்தாகக் கிளம்பியது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "இதுல எது தேயும்?"

"தேய ஒண்ணும் இல்ல."

"அந்த ஸ்க்ரூ லூசானா?"

"அந்த ஸ்க்ரூவே இப்ப இல்ல."

"இனி வண்டி நிக்காது மாமா" என்றாள் மருமகள், தேன் ஒழுக. "நீங்க இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க வேண்டிய அவசியமே இல்ல."

பெரியவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். திட்டக் காரணம் பறிபோனால் அவரைப் போன்றவர்களுக்கு வாழ்க்கையில் மிச்சம் என்ன இருக்கிறது? காரை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனியன் விட்டது என்று மருமகள் வாசலில் தண்ணீர் தெளித்தாள்.

பட்டறையில் நிம்மதி குடிவந்தது. அது பத்து நாள்கூடத் தங்கவில்லை.

ஒரு காலையில், வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, ஒரு வேனின் பின்னால் கயிற்றில் இழுபட்டு அந்தக் கார் வந்தது. உள்ளேயிருந்து பெரியவர் ஜெயித்த கட்சியின் தலைவர் மாதிரி இறங்கினார்.

"நிக்காதுன்னீங்களே. நின்னு போச்சு. நடுரோட்டுல நின்னு போச்சு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "பழசையும் கெடுத்து, புதுசையும் கெடுத்தாச்சு. இதுக்குப் பேரு மெக்கானிக்கு."

மருமகள் கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. இன்று பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் பானட்டைத் தூக்கினான்.

அந்த இரண்டு ஒயர்களும் துண்டாகத் தொங்கின. உருகவில்லை. எலி கடிக்கவில்லை. உரசித் தேயவும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில், கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டப்பட்டிருந்தன.

அவன் நிமிர்ந்தான். பெரியவர் காரைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்ததும் சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கிய காலண்டர் கோணலாக இருப்பதைத் திட்ட ஆரம்பித்தார். வாரா வாரம் லூசான அந்த ஸ்க்ரூ மகனுக்கு நினைவு வந்தது.

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் அவனுக்கு மறந்துபோனது. சத்தமில்லாமல் பானட்டை மூடினான்.

"இது லேசுல சரியாகாதுப்பா. தினமும் வந்து கூட உக்காந்து பாருங்க."