சிவப்புக் கார் மீது ஒரு புகார்

"அந்தச் சிவப்புக் காரை இந்தப் பிரிவுலேருந்து தூக்குங்க," என்றாள் டார்லா.

நெப்ராஸ்காவின் பழைய விமானத் தளத்தில், கூம்புகளுக்கிடையே வளைந்து நெளிந்து காரோட்டும் போட்டி அப்போதுதான் முடிந்திருந்தது.

"என்னம்மா தப்பு?" என்றார் நடுவர் வேர்ன்.

"இது கடையில வாங்கினபடியே ஓட்டுற காருங்களுக்கான பிரிவு. அதுல பந்தய டயர் மாட்டியிருக்கு. பசை போட்ட மாதிரி தரையைப் பிடிக்குது. நீங்களே பாருங்க."

வேர்ன் குனிந்து பார்த்தார். புகார் உண்மைதான்.

காரில் சாய்ந்திருந்த டுவெய்ன் முகம் சுளித்தான். "டயரை யாரு பாக்கப் போறாங்கன்னு மாட்டினேன். உனக்கு வாய் சும்மா இருக்காதா?"

"ஏமாத்தினது நீ. வாயை மூடிக்கணும்னு எனக்கா சொல்ற?"

வேர்ன் தயங்கினார். "காரை மேல் பிரிவுக்கு மாத்தினா, அதை ஓட்டின நீங்க ரெண்டு பேரும் அங்க போகணும். உன் வீட்டுக்காரன் டுவெய்ன் இழக்கறது ரெண்டாம் இடம். நீ இழக்கறது முதல் கோப்பை, டார்லா."

"தெரியும். ஜெயிச்சது நானா டயரான்னு தெரியாம அதை எப்படி வீட்ல வைப்பேன்? மாத்துங்க."

மாற்றினார். பந்தயக் கார்கள் நிறைந்த மேல் பிரிவில் டார்லாவுக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம் டுவெய்னுக்கு.