ஆடியில் நடந்த கல்யாணம்

துரை சொல்லிவந்த அந்தச் சேதியை நான் பல வருஷம் நம்பவில்லை. நம்பாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சேவூர் நெசவாளர் சிவப்பிரகாசம், தெய்வநாயகி தம்பதியின் ஒரே பையன் ராஜ்குமார், எழுபத்து நாலில் படவேட்டு அம்மன் கோயில் ஆடி வெள்ளிக் கூட்டத்தில் காணாமல் போனான். வயது ஐந்து. போலீஸ் தேடியது, உறவுக்காரர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை.

துரை மட்டும் அவனைப் பெங்களூரில் பார்த்துக்கொண்டே இருந்தான்.

துரைக்குப் பட்டுச் சேலை வியாபாரம். நெசவாளர்களுக்குப் பாவும் நூலும் கொடுத்து, நெய்த சேலைகளைப் பெங்களூருக்குக் கொண்டுபோவான். திரும்பி வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்கு ஒரு சேதி. பையன் பத்தாவது பாஸ். பையனுக்கு மீசை வந்துவிட்டது. பையன் கம்பெனியில் சூப்பர்வைசர்.

"ஒரு தடவை இங்க கூட்டிகினு வாயேன், துரை" என்பேன்.

"வளர்த்தவங்க விடுவாங்களா, குமாஸ்தா சார்? அவங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

வேடியப்பன் டீக்கடையில் எல்லோருக்கும் இது தமாஷ். "இந்த மாசம் பையனுக்குப் பிரமோஷனா, டிரான்ஸ்பரா?" துரையும் சேர்ந்து சிரிப்பான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோர்ட் குமாஸ்தாவுக்குச் சாட்சி இல்லாத பேச்சு ஆகாது. வேறு முதலாளிகள் எவ்வளவோ கூப்பிட்டும் சிவப்பிரகாசமும் தெய்வநாயகியும் துரைக்கு மட்டுமே நெய்தார்கள். பெற்ற வயிற்றின் ஏக்கத்தை வைத்து வேலை வாங்குகிறான் என்று நினைத்தேன்.

தொண்ணூற்றெட்டு புரட்டாசியில் அவனோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான்.

வாசலில் செருப்பை விடும்போதே துரை சத்தம் போட்டான். "அண்ணே, அண்ணி! நம்ம ராஜ்குமாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சி!"

தெய்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தறியில் இருந்த சிவப்பிரகாசத்தின் கை நின்றது.

"எப்ப?" என்றார்.

"ஆடியில."

மாட்டினான்!

"ஆடியிலயா?" என்றேன். "நீ கல்யாணப் பட்டு விக்கிற ஆளு. ஆடியில எவன்யா தாலி கட்டுவான்?"

துரை திருதிருவென்று விழித்தான். தெய்வநாயகியின் முகம் சுண்டிப்போயிற்று.

சிவப்பிரகாசம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "பொண்ணு வீட்டுல கன்னடக்காரங்களா இருக்கும் சார். அவங்க ஆடி மாசம் நம்ம ஆடி அமாவாசையோட முடிஞ்சிடும். அப்புறம் அவங்களுக்கு முகூர்த்தம்தான். இல்ல, துரை?"

"ஆமாண்ணே! சுத்தக் கன்னடம்!"

"பொண்ணு எப்படி?" என்றார் தெய்வநாயகி.

"மாநிறம், அண்ணி. உங்க உயரம்."

"கட்டிகினு இருந்தது என்ன புடவை?"

"நீங்க நெய்ஞ்சதுதான். அந்த மாம்பழக் கலரு."

"அடப்பாவி! முன்னாடியே சொல்லியிருந்தா கரையை இன்னும் அகலமா போட்டிருப்பேனே!"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். தெருமுனையில் தெய்வநாயகி மூச்சிரைக்க வந்து மறித்தார்.

"அவரு எதிர்ல ஏன் சார் அப்படிக் கேட்டீங்க? துரை மேல தப்பில்ல. ஆனியில நடந்ததா சொல்லுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். மறந்துட்டான்."

"நீங்களா?"

"எல்லாச் சேதியும் நான் சொல்லிக் குடுக்கறதுதான். அன்னிக்குத் தன் கையில இருந்துதான் புள்ள நழுவிட்டான்னு அவரு இன்னும் நெனச்சிகினு இருக்காரு. சேதி வந்தாதான் ஒழுங்கா சாப்புடறாரு. கெடுத்துடாதீங்க சார்." போகத் திரும்பியவர், "புடவை மட்டும் துரை அவனாச் சொன்னது" என்றார்.

டீக்கடையில் துரையைத் தனியாக இழுத்தேன்.

"அந்த அம்மா ஆனின்னுதானே சொன்னாங்க? அப்புறம் ஆடின்னு ஏன்யா உளறினே?"

துரை சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணி ஆனின்னாங்க. அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஆவணின்னு சொல்லச் சொன்னாரு. பையனுக்கு முப்பது ஆவப் போவுதேன்னு ரெண்டு பேருக்கும் ஒரே கவலை."

"அவரும் சொல்லிக் குடுக்கிறாரா?"

"ரொம்ப வருஷமா. 'புள்ளைய விட்டது தான்தான்னு அவ அழுதுகினு கெடக்கறா. நான் சொல்லிக் குடுக்கறது அவளுக்குத் தெரிய வேணாம்'னு சத்தியம் வாங்கிட்டாரு. அண்ணியும் அதே சத்தியம்தான். யார் பேச்சைத் தள்றது, சொல்லுங்க? ஆனிக்கும் ஆவணிக்கும் நடுவுல ஆடின்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. நான் அங்கே போனது உண்மையைத் தெரிந்துகொள்ளவா, இவன் மாட்டிக்கொள்வதைப் பார்க்கவா? அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.

டீக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவர் தள்ளிப் போகும்வரை காத்திருந்து, துரையிடம் கேட்டேன்:

"ராஜ்குமாருக்குக் கொழந்தை பொறந்தா, அதைப் பெங்களூர்ல பார்த்துட்டு வந்தேன்னு நான் போய்ச் சொன்னா நம்புவாங்களா, துரை?"