ஊசி போட்ட கை

கச்சிராயபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில், காசநோய்க்கான புதுத் தடுப்பூசியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஊசி போட்ட மறுநாள் செவ்வந்தி தன் மகளையும் தெருப் பெண்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றதும், பட்டியலிலிருந்து பிள்ளைகளின் பெயரை எடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள் நர்ஸ் இசைவாணி. இவர்கள் விலகினால் ஊரே விலகிவிடும்.

“எம் பொண்ணுக்கு இன்னா ஊசிம்மா போட்டீங்க?” என்றாள் செவ்வந்தி.

“ஏங்க, இன்னா ஆச்சு?”

“எதிர்வூட்டு ராதிகாவுக்குக் கை வீங்கி, ஒரே ஜுரம். அனத்திக்கினு கெடக்குறா.”

“சில பேருக்கு அப்படி வரும். ரெண்டு நாள்ல சரியாயிடுங்க. நானே வூட்டுக்கு வந்து பாக்குறேன்.”

“அவள வுடுங்க. இவ கையப் பாருங்க.”

செவ்வந்தி மகளின் சட்டைக்கையை மேலே சுருட்டினாள். இசைவாணி பயந்துகொண்டே தொட்டுப் பார்த்தாள். வீக்கமும் இல்லை, சூடும் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு?”

“அதத்தான் கேக்க வந்தோம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பாதிப் பேருக்கு வெறும் தண்ணிதான்னு சொன்னீங்களே. இவ அப்பன இந்த நோய்க்குத்தான் பறிகொடுத்தேன். இவளுக்குப் போயி தண்ணியப் போட்டுட்டீங்களா? மருந்து ஊசியாப் பாத்துப் போடுங்க.”

“எங்க புள்ளைங்களுக்கும்” என்றார்கள் பின்னால் நின்ற பெண்கள்.

இசைவாணிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. “ஊசி மேல நம்பர்தான் இருக்கும், யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க. வீங்கலன்னா தண்ணின்னு அர்த்தமில்ல. மருந்து பலிச்சா, தண்ணி போட்டவங்களுக்கும் அப்புறம் போடுவாங்க.”

செவ்வந்தி மகளின் சட்டைக்கையை இறக்கிவிட்டாள்.

“அதுவரிக்கும் எம் பொண்ணு பேர அடிச்சிடாதீங்க.”