செவ்வாய்க்கிழமை பாட்டில்

"வந்துட்டாருய்யா!"

ஜன்னல் வழியாகப் பார்த்த இன்ஜினியர் பல்லைக் கடித்தார்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கேட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தையல்காரர் உள்ளே வந்துகொண்டிருந்தார். கழுத்தில் இஞ்ச் டேப், கையில் தண்ணீர் பாட்டில். எட்டு வாரமாக, செவ்வாய்க்கிழமை பத்து மணி அடித்தால் அவர் ஆஜர்.

"தம்பி, தண்ணில ஒரு வாடை. கொஞ்சம் டெஸ்ட் பண்ணிக் கொடுங்க." குழாய் இணைப்பு கார்டை நீட்டினார்.

கார்டு இருந்தால் இலவசமாகச் சோதித்துத் தரவேண்டும் என்பது விதி. தட்ட முடியாது.

"சார், இப்ப ஓடுறது நானோ வடிகட்டி. ஒரு தலைமுடி கனத்துக்குள்ள அதோட ஓட்டைங்க ஆயிரக்கணக்குல வரிசையா நிக்கும். கிருமி தலைகீழா நின்னாலும் நுழைய முடியாது."

தையல்காரர் இன்ஜினியரின் வழுக்கையை ஒருமுறை பார்த்தார்.

"முடி விஷயத்துல நான் வாதாடல தம்பி. டெஸ்ட் மட்டும் பண்ணிடுங்க."

பின்னால் சோதனைக்கூடத்து அம்மா சிரிப்பை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. "இரும்பு ஜாஸ்தியா இருக்கு சார்," என்று இன்ஜினியரிடம் ரிப்போர்ட்டை நீட்டினார் அந்த அம்மா.

"போன வாரம் கிருமி. அதுக்கு முந்தின வாரம் சுத்தம். அதுக்கும் முன்னாடி உப்பு. ஒரே குழாய்ல வாராவாரம் வேற வேற தண்ணி வருமா மேடம்? இந்த ஆளு வேணும்னே எதையோ கலந்து எடுத்துட்டு வர்றாரு!"

அவர் கொதித்ததிலும் நியாயம் இருந்தது. அந்த வடிகட்டி அவருடைய மூன்று வருட உழைப்பு. இந்த ஒரு கார்டின் மோசமான ரிப்போர்ட்டுகளைக் காட்டி, 'விளக்கம் தராவிட்டால் பழைய மணல் தொட்டிக்கே திரும்புவோம்' என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது.

"அவரோட கார்டை ரத்து பண்ணச் சொல்லி ஒரு லெட்டர் டைப் பண்ணுங்க மேடம். நாளைக்கு ஆதாரத்தோட வந்து கையெழுத்துப் போடறேன்."

"சரி சார்," என்றார் அந்த அம்மா. பிறகு காலி பாட்டிலைக் கழுவி வைக்கப் போனார்.

மறுநாள் காலை சோதனைப் பெட்டியோடு தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார் இன்ஜினியர். தையல்காரரின் மனைவி திறந்தார். "வாங்க தம்பி" என்று முடிப்பதற்குள் இன்ஜினியர் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துவிட்டார்.

இரும்பு இல்லை. உப்பு இல்லை. கலங்கல் இல்லை.

"மாட்டினாரு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

மிஷினை நிறுத்திவிட்டு தையல்காரர் எழுந்து வந்தார்.

"சார், உங்க வீட்டுத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அப்ப என் வடிகட்டிக்குக் கெட்ட பேர் வர்ற மாதிரி வாராவாரம் என் தலைல கட்டினது யார் வீட்டுத் தண்ணி?"

தையல்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. எத்தனை நாளைக்கு இந்தத் திருட்டு முழி?"

கொல்லைக் கதவைத் திறந்தால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் தகரக்கூரை வீடுகள், ஆங்காங்கே கைப்பம்புகள். சில பம்புகளில் பச்சைத் துணி கட்டியிருந்தது; சிலவற்றில் சிவப்பு. மற்றவற்றில் ஒன்றுமில்லை.

"பச்சை கட்டினது குடிக்க. சிவப்பு, துணி துவைக்க மட்டும்," என்றார் தையல்காரர். "இவங்களுக்குக் குழாய் இன்னும் வரல தம்பி. குழாய் இல்லன்னா கார்டு இல்ல. கார்டு இல்லன்னா நீங்க டெஸ்ட் பண்ண மாட்டீங்க. அதான் என் கார்டுல ஒவ்வொரு பம்பா... மொத்தம் பதினேழு. நேத்தோட எட்டு முடிஞ்சுது."

வாளியோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "மாஸ்டர், எங்க பம்புக்கு என்னைக்கு?"

"அடுத்த செவ்வாய்க்கிழமைம்மா." பிறகு இவர் பக்கம் திரும்பி, "உங்க வடிகட்டிக்குக் கெட்ட பேர் வரும்னு சத்தியமா தோணல. எங்க வேணும்னாலும் வந்து எழுதிக் கொடுக்கறேன் தம்பி."

"நீங்க செஞ்சது பெரிய தப்பு சார்."

தையல்காரர் தலையைக் குனிந்தார்.

"முதல் பாட்டில் அன்னைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? சோதனைக்குன்னு நான் செஞ்ச நாலு சின்ன வடிகட்டி ஸ்டோர்ல தூங்குது. கைப்பம்புல மாட்டினா அதுபாட்டுக்கு ஓடும். வாரத்துக்கு ஒரு பாட்டில்னு இப்படி உருட்டிட்டு இருந்திருக்கீங்களே!"

தையல்காரர் நிமிர்ந்தார். முகமெல்லாம் பல்.

இன்ஜினியர் அங்கிருந்தே சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், வேன்ல ஒன்பது காலி பாட்டில் அனுப்புங்க. கார்டு கேக்காதீங்க, என் பொறுப்பு. அப்புறம் மாஸ்டர் மேல நேத்து அடிக்கச் சொன்ன லெட்டர், அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"அடிச்சாத்தானே சார் கிழிக்க?"

"என்னது? ஏன் அடிக்கல?"

"எப்படி சார் அடிப்பேன்? அந்தச் சந்துல பதினேழாவது பம்பு எங்க வீட்டோடது."