கண்ணாடிப் பெட்டியில் தலைக்கவசம்

கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் நினைவறையில் அன்று இருந்தவர்கள் புதிய செயலாளர், என் மனைவி, மருமகன், நான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கொத்தனாரின் மஞ்சள் தலைக்கவசம், வேலைநிறுத்தச் சின்னம் ஒட்டியபடி இருந்தது. பெட்டிமேல் மாலை.

"அதைக் கொடுங்க," என்றேன்.

"வரலாற்றுப் பொருள், பெரியவரே. தரமுடியாது. கொத்தனார் ஐயா போனது எங்களுக்கும் இழப்புதான்," என்றார் செயலாளர்.

"பரண்ல இடமில்லன்னு சங்க வாசல் காவலாளிகிட்ட கொடுத்தேன்," என்று முணுமுணுத்தாள் மனைவி.

"விடுங்க மாமா, மரியாதையாத்தானே வச்சிருக்காங்க."

"அந்த மரியாதைதான் வயித்தெரிச்சல், மாப்பிள்ளை."

உறுப்பினர் இறந்தபிறகே அவர் தலைக்கவசம் இங்கே வருவது வழக்கம். அதனால் யாரும் விசாரிக்கவில்லை. இரங்கல் கூட்டமும் நடத்திவிட்டார்கள்.

கூட்டத்தில் தேநீர் குடித்தவர்கள் சொல்லித் திரிவது பொய். நான் சாகவில்லை.