தங்காத வயிறு

“இவ வயித்துலதான் எதுவும் தங்காதே!”

அண்ணியைப் பத்தித் தன் அம்மா சொன்னதை அம்மா குரல்லயே, கழுத்தை ஒரு வெட்டு வெட்டி, ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து அண்ணிகிட்டயே நடிச்சுக் காட்டினா நாத்தனார். வீட்டுல அவளுக்கு ‘ரேடியோ’ன்னு பேரு. ஆன் பண்ணவும் வேண்டாம், ஆஃப் பண்ணவும் முடியாது.

அண்ணி லேசாச் சிரிச்சா. நாலாவது கரு கலைஞ்சு மூணு வாரம்தான் ஆகுது.

“கோச்சுக்காதீங்க அண்ணி. நீங்களும் அந்தத் தையல் மிஷினைப் போட்டு மிதிமிதின்னு மிதிக்கறீங்க. அது எப்படித் தங்கும்? அண்ணன்தான் பாவம், எவ்வளவு தாங்குவான்?”

“ஆமா. அவர் பாவம்தான்.”

“நேத்து உங்களை மாதிரியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து காட்டினேனே, வீடே விழுந்து விழுந்து சிரிச்சுது!”

நர்ஸ் கூப்பிட்டா.

“நீ இங்கயே இரு”ன்னா அண்ணி.

ரேடியோ கேக்குமா? முதல் ஆளா உள்ள போய் உக்காந்துக்கிட்டா.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. “இந்தத் தடவையும் வீட்டுக்காரர் வரலையா?”

“அண்ணனுக்கு வேலை டாக்டர். குறை இவங்ககிட்டதானே? மிஷினை மிதிச்சு மிதிச்சு...”

“யாரும்மா சொன்னது? மிஷின் மிதிச்சா கரு கலையாது. இவங்களுக்குக் கர்ப்பப்பை, தைராய்டு, ரத்தம் எல்லாம் பார்த்தாச்சு. ஒரு குறையும் இல்ல. உங்க அண்ணனோட குரோமோசோம்லதான் ஒரு துண்டு இடம் மாறியிருக்கு, அதனாலதான் கரு தங்கல. அது அவர் தப்பும் இல்ல. வழி இருக்கு. ஆனா ரெண்டு பேரும் வந்தாத்தானே ஆரம்பிக்க முடியும்? போன வருஷமே அவர் கையிலதானே ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்!”

ரேடியோ நின்னு போச்சு.

வெளிய வந்து, படி இறங்கினதும் அண்ணி கையைப் பிடிச்சு நிறுத்தினா நாத்தனார்.

“அப்போ அண்ணனுக்கு எல்லாம் தெரியும்!”

“தெரியும்.”

“நேத்து நான் நடிச்சப்போ...”

“முதல்ல கை தட்டினதே அவர்தானே.”

“நீங்க ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லல?”

“வெளிய தெரிஞ்சா அவமானம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார்.”

அண்ணி ஃபைலைப் பைக்குள்ள சொருகினா.

“ஒரு வருஷமா என் வயித்துல தங்கினது இந்த ரகசியம் ஒண்ணுதான்.”