மலிவு விமானம் வேண்டாம்

நாற்காலியில் அப்பா, கட்டிலில் அம்மா, வாசற்படியில் மகள். அவள் கையில் அண்ணனின் கடிதம்.

"மலிவு விமானத்தில் வராதீர்கள். கால் நீட்ட முடியாது, தண்ணீருக்கும் காசு, நேரத்துக்குக் கிளம்பாது."

"பாதி விலை, ரெண்டே மணி நேரம். அதை ஏன்டி வேண்டாங்கிறான்?" அம்மாவுக்குச் சந்தேகம்.

"நாம வர்றதே பிடிக்கலம்மா. மேனேஜர் ஆனதும் நம்மளைக் கழட்டிவிடப் பார்க்கிறான்."

அப்பா கடிதத்தை வாங்கி மடித்தார். போன மாதம், நண்பரைப் பார்க்கப் போவதாகப் புளுகிவிட்டு, அதே விமானத்தில்தான் மகனைப் பார்க்கப் போயிருந்தார். இறங்குமுன் ஜன்னல் வழியே பார்த்தார். கொளுத்தும் வெயிலில், விமானத்திலிருந்து பயணிகளின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான் மகன். கூப்பிடாமலே திரும்பிவிட்டார்.

"அவன் சொல்றது சரிதான். எனக்கு விமானம் ஒத்துக்காது" என்றவர், 'ரயிலிலேயே வருகிறோம்' என்று எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தார்.